பயணத்திற்கு ஒரே ஒரு லென்ஸ்: பத்துமலையில் ஓர் இயற்பியல் கணக்கு

பள்ளி விடுமுறை நெருங்கும்போது புகைப்படக் கழக மாணவர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "சேமித்த பணம் ஒரு லென்ஸுக்குத்தான் போதும். எதை வாங்கலாம், சார்?"

கடைக்காரர் ஒரு பெயர் சொல்வார், நண்பர் வேறொரு பெயர் சொல்வார். இயற்பியல் எந்தப் பெயரும் சொல்லாது. எதைப் பெறுவதற்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை மட்டும் எண்களில் காட்டும். பல மாதச் சேமிப்பை ஒரே பொருளில் போடப் போகும் ஒருவருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். படிவம் 4 இயற்பியலில் வரும் ஒளியியல் பாடம் இதற்குப் போதுமானது. கால்குலேட்டரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மாணவர்களே.

ஒரே இடம், மூன்று படங்கள்

நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த ஓர் இடத்தை வைத்தே கணக்குப் போடுவோம். பத்துமலைக்குப் போகிறோம். தோளில் ஒரு கேமரா, அதில் ஒரு லென்ஸ். அங்கே மூன்று வகைப் படங்கள் நமக்காகக் காத்திருக்கின்றன.

முதலாவது, படிக்கட்டின் அடியில் நிற்கும் முருகன் சிலை. 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இச்சிலையின் உயரம் 42.7 மீட்டர். இவ்வளவு உயரமானது ஒரே படத்திற்குள் அடங்க வேண்டும்.

இரண்டாவது, 272 படிகளையும் ஏறி முடித்ததும் வரும் ஆலயக் குகை. வெளியே கண்ணைக் கூசும் வெயில், உள்ளே மங்கிய வெளிச்சம். அந்த அரை இருட்டில் மக்கள் நடந்துகொண்டே இருப்பார்கள்.

மூன்றாவது, படிக்கட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் நீண்டவால் குரங்கு. அது சிறியது. அதன் அருகில் போகவும் கூடாது.

பெரியது, இருட்டானது, தொலைவானது. பினாங்கு ஜார்ஜ்டவுன் தெருவுக்குப் போனாலும் கேமரன் மலைக்குப் போனாலும் பயணப் படங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும். ஆகவே இந்த மூன்றையும் எந்த லென்ஸ் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தால் போதும்.

தொடங்கும் முன் ஒரு சொல் விளக்கம். பாடநூலில் 'காந்தா செம்போங்' என்று படிப்பது தமிழில் குவி வில்லை. கேமராவில் மாட்டும் உருளைக்குள் இப்படிப் பல கண்ணாடி வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கும். இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு கண்ணாடியையும் 'வில்லை' என்றும், எல்லாம் சேர்ந்த உருளையை 'லென்ஸ்' என்றும் சொல்கிறேன்.

குவியத் தொலைவு: பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும்?

லென்ஸின் மேல் 18 மி.மீ., 50 மி.மீ., 200 மி.மீ. என்று எழுதியிருப்பது அதன் குவியத் தொலைவு. லென்ஸ் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். பொருள் வெகு தொலைவில் இருந்தால் பிம்பம் ஏறக்குறைய குவியத் தொலைவிலேயே விழும். 50 மீட்டர் தள்ளி இருக்கும் சிலைக்கு 18 மி.மீ. லென்ஸ் தரும் பிம்பத் தூரம் 18.006 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே உருப்பெருக்கச் சூத்திரம் இப்படி எளிதாகிவிடுகிறது:

பிம்பத்தின் உயரம் = குவியத் தொலைவு × பொருளின் உயரம் ÷ பொருளின் தூரம்

பிம்பம் விழும் இடம் கேமராவின் உணரி. மாணவர்கள் வாங்கக்கூடிய கேமராக்களில் பெரும்பாலும் ஏபிஎஸ்-சி அளவு உணரி இருக்கும். அதன் அளவு நிறுவனத்திற்கு நிறுவனம் சற்று மாறும். நாம் 23.5 மி.மீ. × 15.6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய இந்தச் செவ்வகத்திற்குள்தான் 42.7 மீட்டர் சிலை அடங்க வேண்டும்.

சிலையிலிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்கிறோம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் உயரத்திற்கு 23.5 மி.மீ. கிடைக்கும்.

18 மி.மீ. லென்ஸ்: 18 × 42.7 ÷ 50 = 15.4 மி.மீ. தாராளமாக அடங்கும்.

35 மி.மீ. லென்ஸ்: 29.9 மி.மீ. அடங்காது. ஏறக்குறைய 64 மீட்டர் வரை பின்னால் போக வேண்டும்.

50 மி.மீ. லென்ஸ்: 42.7 மி.மீ. சிலையில் பாதிதான் படத்தில் வரும். முழுதாக வர ஏறக்குறைய 90 மீட்டர் பின்னால் போக வேண்டும். கூட்ட நாளில் நமக்கும் சிலைக்கும் இடையில் எத்தனை தலைகள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

(கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் உண்மையான அளவு சற்று மாறும். முடிவு மாறாது.)

இப்போது அதே சூத்திரத்தைக் குரங்கிற்குப் போடுவோம். உட்கார்ந்திருக்கும் குரங்கின் உயரம் அரை மீட்டர், தூரம் 10 மீட்டர் என்று கொள்வோம்.

18 மி.மீ. லென்ஸில் பிம்பம் 0.9 மி.மீ. படத்தில் அது ஒரு புள்ளி.

50 மி.மீ. லென்ஸில் 2.5 மி.மீ.

200 மி.மீ. லென்ஸில் 10 மி.மீ. படத்தின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முகத்தின் ஒவ்வொரு முடியும் தெரியும்.

18 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு இதே அளவு பிம்பம் வேண்டுமானால் குரங்கிற்கு 90 சென்டிமீட்டர் அருகில் போக வேண்டும். அது கை நீட்டினால் எட்டும் தூரம். கடியும் கீறலும் அந்தத் தூரத்தில்தான் நடக்கின்றன. இந்த ஒரு படத்திற்கு நீண்ட குவியத் தொலைவு பாதுகாப்புச் சாதனமும்கூட. படம் பிடிப்பதற்காகக் குரங்கிற்குத் தின்பண்டம் காட்டி அருகே அழைக்காதீர்கள்.

ஒரே சூத்திரம்தான். சிலைக்குக் குவியத் தொலைவு குறைய வேண்டும், குரங்கிற்குக் கூட வேண்டும். உருளையைத் திருப்பினால் வில்லைகளுக்கு இடைப்பட்ட தூரம் மாறி, குவியத் தொலைவும் மாறுமாறு செய்வதே ஜூம் லென்ஸ். 35 மி.மீ. பிலிம் கேமராவுக்கென்று வந்த முதல் ஜூம் லென்ஸ் 1959இல் வெளியான 'ஜூமார்'. அதன் வீச்சு 36 மி.மீ. முதல் 82 மி.மீ. வரை மட்டுமே. குவியத் தொலைவு மாறாத லென்ஸைப் பிரைம் லென்ஸ் என்பார்கள்.

வீட்டில் ஒரு சோதனை

அடுத்த பகுதிக்குப் போகுமுன் ஓர் உருப்பெருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் நேரத்தில் அறை விளக்கை அணைத்துவிட்டு, சன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். உருப்பெருக்கியைத் தாளுக்கு முன்னால் மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் சன்னலும் வெளியே நிற்கும் மரமும் தலைகீழாகத் தெளிவாக விழும். அப்போது தாளுக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரமே அதன் குவியத் தொலைவு.

இப்போது ஒரு கறுப்பு அட்டையில் 5 காசு நாணய அளவில் ஓட்டை போட்டு உருப்பெருக்கியின் முன் வையுங்கள். கண்ணாடியின் ஓரம் முழுவதும் மறைந்துவிட்டது. மரத்தின் ஓரமும் மறைந்ததா? இல்லை. மரம் முழுதாகவே தெரியும், மங்கலாக மட்டும் தெரியும். வில்லையின் ஒவ்வொரு பகுதியும் முழுப் பிம்பத்தையும் உருவாக்குகிறது. ஓட்டையைச் சிறிதாக்கினால் ஒளி குறையும், காட்சி குறையாது. (உருப்பெருக்கி வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. அதைச் சூரியனை நோக்கித் திருப்பவும் வேண்டாம்.)

நீங்கள் செய்த அந்த அட்டை ஓட்டைதான் கேமரா லென்ஸின் துளை.

துளை: எவ்வளவு ஒளி கிடைக்கும்?

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் இரண்டாவது எண் எஃப் எண். எஃப் 1.8, எஃப் 3.5, எஃப் 5.6 என்று வரும். குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது இது. வகுத்து வருவதால் எண் சிறிதானால் துளை பெரிது. பலர் தடுமாறும் இடம் இது.

உணரியின் மேல் விழும் ஒளி துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே இரண்டு லென்ஸ்களை ஒப்பிட எஃப் எண்களை வகுத்து வர்க்கம் எடுத்தால் போதும்.

குகைக்குள் போவோம். 35 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸ் ஒன்று. கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று. இந்த ஜூமை 35 மி.மீ.க்குத் திருப்பினால் ஏறக்குறைய எஃப் 4.5தான் கிடைக்கும். 4.5 ÷ 1.8 = 2.5. அதன் வர்க்கம் 6.25. பிரைம் லென்ஸ் ஆறு மடங்குக்கும் அதிகமான ஒளியைத் தருகிறது.

இது படத்தில் என்ன செய்யும்? பிரைம் லென்ஸுக்கு 1/125 விநாடி போதும் என்றால், ஜூம் லென்ஸுக்கு 1/20 விநாடி வேண்டும். நம்மிடமிருந்து 5 மீட்டர் தள்ளி ஒருவர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குறுக்கே நடக்கிறார். 1/20 விநாடியில் அவர் 5 செ.மீ. நகர்ந்துவிடுவார். முன் பார்த்த சூத்திரப்படி உணரியில் அது 0.35 மி.மீ. 24 மெகாபிக்சல் கேமராவில் 23.5 மி.மீ. அகலத்தில் 6,000 படப்புள்ளிகள் இருக்கும். அப்படியானால் அவர் முகம் ஏறக்குறைய 89 புள்ளிகளுக்கு இழுபட்டுப் போகும். 1/125 விநாடியில் இழுபடுவது 14 புள்ளிகள்தான். முதல் படத்தில் முகம் யாருடையது என்றே தெரியாது. இரண்டாவதில் சிரிப்பு தெரியும்.

"கேமராவில் ஐஎஸ்ஓவைக் கூட்டினால் போயிற்று" என்று நீங்கள் சொல்லலாம். ஐஎஸ்ஓவைக் கூட்டுவது ஒளியைக் கூட்டுவதாகாது. கிடைத்த சிறு குறிப்பலையை ஒலிபெருக்கிபோல் பெரிதாக்குவதுதான் அது. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளைச் சிறிது நேரம் வைத்துத் துளிகளை எண்ணினால் இரண்டிலும் ஒரே எண்ணிக்கை வராது. ஒளியும் துளித்துளியாகவே வருகிறது. அந்தத் துளியின் பெயர் ஒளியன். சராசரியாக 100 ஒளியன்கள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 விழுக்காடு. 10,000 விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 விழுக்காடு. எனவே ஒளி குறைந்த படத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வெவ்வேறு பிரகாசத்தில் நின்று மணல் தூவியதுபோல் தோன்றும். பெரிய துளைக்கு மக்கள் பணம் கொடுப்பது இதற்காகத்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். குகைச் சுவர் நகராது. லென்ஸிலோ கேமராவிலோ நடுக்கத் தடுப்பு வசதி இருந்தால், அல்லது கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டால், 1/10 விநாடியில்கூடச் சுவரைத் தெளிவாக எடுக்கலாம். நடுக்கத் தடுப்பு நம் கை ஆட்டத்தை மட்டுமே சரிசெய்யும். நடந்து போகிறவரை அது நிறுத்தி வைக்காது. இருட்டும் அசைவும் சேர்ந்து வரும்போதுதான் பெரிய துளை கட்டாயமாகிறது.

எல்லாம் ஒரே லென்ஸில் ஏன் இல்லை?

18 முதல் 200 மி.மீ. வரை போக வேண்டும், எல்லா இடத்திலும் எஃப் 1.8 வேண்டும். அப்படி ஒன்றை ஏன் செய்து விற்பதில்லை?

200ஐ 1.8ஆல் வகுத்துப் பாருங்கள். 111 மி.மீ. முன் கண்ணாடி குறைந்தது அந்த அகலம் இருக்க வேண்டும். நம் வீட்டுச் சாம்பார்க் கிண்ணம் அளவு. கண்ணாடியின் விட்டம் இரண்டு மடங்கானால், அதே வடிவத்தில் தடிப்பும் இரண்டு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். ஜூம் வசதியே இல்லாத நிக்கான் நிறுவனத்தின் 200 மி.மீ. எஃப் 2 லென்ஸின் எடை ஏறக்குறைய 2.9 கிலோகிராம். அதைத் தூக்கிக்கொண்டு 272 படி ஏறுவது உங்கள் விருப்பம்.

அதே 200 மி.மீ.க்கு எஃப் 5.6 போதும் என்றால் துளை 36 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. லென்ஸ் பைக்குள் அடங்குகிறது. அதனால்தான் பயண ஜூம்களில் எஃப் 3.5–5.6 அல்லது எஃப் 3.5–6.3 என்று இரட்டை எண் இருக்கும். குட்டையான முனையில் முதல் எண், நீளமான முனையில் இரண்டாவது எண். தயாரிப்பாளரின் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். எடை தாங்கக்கூடியதாக இருப்பதற்கு இதுவே விலை.

இன்னொரு செலவும் உண்டு. வீச்சு கூடக்கூடக் கண்ணாடிகள் கூடுகின்றன. நிக்கான் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸில் 8 வில்லைகள். 2017இல் வெளிவந்த டாம்ரான் 18–400 மி.மீ. லென்ஸில் 11 குழுக்களாக 16 வில்லைகள். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும், பூச்சு இல்லாவிட்டால், ஏறக்குறைய 4 விழுக்காடு ஒளி திரும்பிப் போய்விடும். 11 குழுக்களுக்கு 22 பரப்புகள். 0.96ஐ 22 முறை பெருக்கினால் 0.41 வரும். உள்ளே போன ஒளியில் பாதிக்கு மேல் வீண். அது வீணாவதோடு நிற்காமல் உள்ளுக்குள்ளேயே எதிரொளித்து நிழற்பகுதிகளை வெளுக்கச் செய்துவிடும். இதைத் தீர்த்தது 1935இல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா கண்டுபிடித்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு. லென்ஸின் முகப்பைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் பச்சையுமாக மின்னுவது அந்தப் பூச்சுதான். பூச்சு வந்த பிறகும், வீச்சு அதிகமுள்ள ஜூம்களில் ஓரங்களில் கூர்மை குறைவதும், நேர்க்கோடுகள் சற்றே வளைவதும் உண்டு. வளைவைக் கேமராவின் மென்பொருளே பெரும்பாலும் திருத்திவிடுகிறது.

நான்கு லென்ஸ்கள், ஒரே தேர்வு

இப்போது கடையில் கிடைக்கும் நான்கு வகைகளைப் பத்துமலைக்கு அழைத்துப் போவோம். கீழே உள்ள எடைகள் நிக்கான், டாம்ரான் நிறுவனங்களின் ஏபிஎஸ்-சி எஸ்எல்ஆர் லென்ஸ்களுக்கு உரியவை. மற்ற நிறுவனங்களிலும் இதே வகைகள் உண்டு. ஆனால் ஒரு நிறுவனத்தின் கேமராவில் இன்னொரு நிறுவனத்தின் லென்ஸ் பொதுவாகப் பொருந்தாது. வாங்கும்போது பொருத்துவாய் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

1. 18–55 மி.மீ. எஃப் 3.5–5.6, ஏறக்குறைய 205 கிராம். சிலை அடங்கும். குகைச் சுவர் வரும், நடப்பவர் இழுபடுவார். 10 மீட்டரில் குரங்கின் பிம்பம் 2.75 மி.மீ. மட்டுமே.

2. 35 மி.மீ. எஃப் 1.8, ஏறக்குறைய 200 கிராம். சிலைக்கு 64 மீட்டர் பின்னால் போக வேண்டும். குகையில் இதுவே முதல் மாணவன். குரங்கின் பிம்பம் 1.75 மி.மீ.

3. 18–140 மி.மீ. எஃப் 3.5–5.6, ஏறக்குறைய 490 கிராம். சிலை அடங்கும். குகையில் முதல் லென்ஸைப் போன்றதே. குரங்கின் பிம்பம் 7 மி.மீ. நல்ல படம்.

4. 18–400 மி.மீ. எஃப் 3.5–6.3, ஏறக்குறைய 700 கிராம். சிலை அடங்கும். குகையில் அதே தடுமாற்றம். குரங்கிற்கு 400 மி.மீ. வைத்தால் பிம்பம் 20 மி.மீ. ஆகி 15.6 மி.மீ. உயரத்தையே மீறிவிடும். சற்றுச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

இவற்றுக்கு நடுவில் எஃப் 2.8 ஜூம்கள் என்று ஒரு வகை இருக்கிறது. டாம்ரானின் 17–70 மி.மீ. எஃப் 2.8 ஏறக்குறைய 525 கிராம். எல்லாக் குவியத் தொலைவிலும் எஃப் 2.8 கிடைக்கும். எஃப் 5.6உடன் ஒப்பிட்டால் நான்கு மடங்கு ஒளி. ஆனால் தொலைவு 70 மி.மீ.யோடு முடிந்துவிடும், விலையும் மாணவர் சேமிப்புக்கு எட்டாமல் போகலாம்.

நான்கிலும் முழு மதிப்பெண் பெற்றது ஒன்றும் இல்லை. இனி கேட்க வேண்டியது "எது சிறந்தது?" என்பதன்று. "எந்த இழப்பை என்னால் வேறு வழியில் ஈடு செய்ய முடியும்?" என்பதே.

ஈடு செய்யக்கூடிய இழப்பும் முடியாததும்

அகலம் போதவில்லை என்றால் பின்னால் போகலாம். இடம் இல்லாவிட்டால் சிலையின் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு படம் எடுத்து மென்பொருளில் ஒட்டலாம். சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியும் உதவும். அதன் முதன்மைக் கேமரா ஏறக்குறைய நம் 16–17 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலத்தைக் காட்டும்.

தொலைவு போதவில்லை என்றால் படத்தை வெட்டிப் பெரிதாக்கலாம். 55 மி.மீ.யில் எடுத்த குரங்கை 140 மி.மீ. அளவுக்குக் கொண்டுவர 140 ÷ 55 = 2.55. அதன் வர்க்கம் 6.5. 24 மெகாபிக்சலில் 3.7 மிஞ்சும். கைப்பேசித் திரைக்கும் சிறிய அச்சுக்கும் போதும். 35 மி.மீ.யில் எடுத்ததை அப்படி வெட்டினால் 24ஐ 16ஆல் வகுத்து 1.5 மெகாபிக்சல்தான் மிஞ்சும். 18 மி.மீ.யில் எடுத்ததில் 0.4தான். ஓர் எல்லைக்கு மேல் இந்த வழி அடைபட்டுவிடும்.

இருட்டில் அசையாத பொருளுக்கு ஊன்றிப் பிடித்தல், நடுக்கத் தடுப்பு என்று வழி இருக்கிறது. இருட்டில் அசையும் மனிதருக்கு வழி இரண்டுதான். பெரிய துளை, அல்லது மணல் தூவிய படத்தை ஏற்றுக்கொள்ளுதல். கைப்பேசி எடுக்கும் இரவுப் படம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து அதன் லென்ஸ் பெரியது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் குவியத் தொலைவு 6 மி.மீ., எஃப் 1.8 என்றால் துளை வெறும் 3.3 மி.மீ. அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கி ஒளிக்குறையை மறைக்கிறது. ஆள் நகர்ந்தால் அந்த வித்தையும் தடுமாறும்.

இப்படிப் பார்த்தால் ஒரு வழி தெளிகிறது. கைப்பேசி அகலத்தைப் பார்த்துக்கொள்கிறது. கைப்பேசியால் முடியாத இரண்டு, தொலைவும் இருட்டில் அசைவும். ஒரே லென்ஸ் வாங்கப் போகிறவர் இந்த இரண்டில் எது தமக்கு முக்கியம் என்று முடிவு செய்ய வேண்டும்.

என் பார்வையில், எங்கே போகப் போகிறோம் என்று தெரியாத முதல் பயணிக்கு 18–140 அல்லது 18–135 மி.மீ. வகை பொருத்தமானது. குடும்பக் கொண்டாட்டம், தைப்பூச இரவு, ஜார்ஜ்டவுன் இரவுக் கடைகள் என்று மனிதர்களையே எடுப்பவருக்கு 35 மி.மீ. எஃப் 1.8 போதும். சபா கினாபாத்தாங்கான் ஆற்றில் படகில் போய் மூக்குக் குரங்கைத் தேடுபவர் மட்டும் 400 மி.மீ. பற்றி யோசிக்கலாம். ஏற்கெனவே 18–55 வைத்திருப்பவர் வாங்காமலேயே இருப்பதும் ஒரு நல்ல முடிவுதான்.

நூறு படக் கணக்கு

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். அறிவியல் மாணவர் தரவைத் திரட்ட வேண்டும். கடந்த ஓராண்டில் நீங்கள் எடுத்து, அழிக்காமல் வைத்திருக்கும் படங்களில் நூற்றை எடுங்கள். ஒவ்வொரு படத்தின் 'விவரங்கள்' பகுதியில் குவியத் தொலைவு, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகியவை பதிவாகியிருக்கும். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு எண்ணுங்கள்.

அ. கைப்பேசியின் சாதாரண அகலத்திலேயே எடுத்தவை.
ஆ. விரலால் பெரிதாக்கி எடுத்தவை, அல்லது பிறகு வெட்டியவை.
இ. இருட்டில் அசையாதவை.
ஈ. இருட்டில் மனிதர்கள்.

'ஆ' அதிகம் என்றால் உங்களுக்கு வேண்டியது வீச்சு. 'ஈ' அதிகம் என்றால் பெரிய துளை. 'அ'வும் 'இ'யும் சேர்ந்து எண்பதைத் தாண்டினால், அப்பா அம்மாவிடம் பணம் கேட்குமுன் சற்றுப் பொறுங்கள். உங்கள் பயணங்களுக்குக் கைப்பேசியே போதுமானதாக இருக்கலாம். மிச்சமாகும் பணம் இன்னொரு பயணத்தின் பேருந்துக் கட்டணமாகும்.

பிரைம் லென்ஸ் வாங்க நினைப்பவருக்கு இன்னும் ஒரு சோதனை. கழகத்திலிருந்து 18–55 லென்ஸை இரவல் வாங்கி, 35 மி.மீ.யில் வைத்து, திரும்பாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுவதும் அதை வைத்தே படம் எடுங்கள். கால்களே ஜூம் ஆகும். மாலையில் உங்களுக்கு எரிச்சல் மிஞ்சியதா, மகிழ்ச்சி மிஞ்சியதா என்பது எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாத தகவல்.

பயிற்சி

1. முருகன் சிலையை 60 மீட்டர் தூரத்திலிருந்து 24 மி.மீ. லென்ஸால் எடுக்கிறோம். பிம்பத்தின் உயரம் என்ன? கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால் சிலை அடங்குமா?

2. 55 மி.மீ. எஃப் 5.6, 35 மி.மீ. எஃப் 1.8 ஆகிய இரண்டிலும் துளையின் விட்டம் என்ன?

3. 24 மெகாபிக்சல் படத்தில் அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டி எடுத்தால் எத்தனை மெகாபிக்சல் மிஞ்சும்?

4. வகுப்பில் பேசுங்கள்: ஒரே ஜூம் லென்ஸ் வைப்பதை விட்டு, கைப்பேசித் தயாரிப்பாளர்கள் இரண்டு மூன்று லென்ஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது ஏன்? (குறிப்பு: கைப்பேசியின் தடிப்பையும், ஜூமுக்குள் வில்லைகள் நகர வேண்டிய தூரத்தையும் எண்ணிப் பாருங்கள்.)

விடைகள்: 1) 17.1 மி.மீ.; 15.6 மி.மீ.க்குள் அடங்காது, செங்குத்தாகப் பிடித்தால் அடங்கும். 2) 9.8 மி.மீ., 19.4 மி.மீ. 3) 24 ÷ 9 = 2.7 மெகாபிக்சல்.